தலைக்கு ஷாம்பு, கரண்டுக்கு ஆப்பு

இந்த முறை திட ஆக்சைடு எரிபொருள் கலம் பற்றிய கேள்விகள் மட்டும். கடிதம் எழுதியவர்கள் அதை ‘ஃப்யூயல் செல்’ என்றே எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படியே.

கே: ஃப்யூயல் செல்லில் பிஸ்டன் இல்லை, பேரிங் இல்லை, ஓடுகிற பாகம் எதுவுமே இல்லை. பிறகு எப்படித் தேயும்? – ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர், நாகர்கோவில்

உராய்வால் அல்ல, அழுக்கால்.

இந்தக் கலம் மூன்று அடுக்கு. நடுவில் இட்ரியா கலந்த சிர்கோனியா என்ற பீங்கான். 700, 800 டிகிரி சூட்டில் ஆக்சிஜன் அயனி அதற்குள் நடமாடும், வாயு நுழையாது. காற்று படும் பக்கம் கேத்தோடு, எரிபொருள் படும் பக்கம் ஆனோடு. ஆனோடு என்பது பெரும்பாலும் நிக்கலையும் அதே சிர்கோனியாவையும் கலந்து சுட்ட, பொடித்துளைகள் நிறைந்த வில்லை. நிக்கல், பீங்கான், வாயு நிற்கும் துளை – இந்த மூன்றும் தொட்டுக்கொள்ளும் விளிம்புகளில்தான் மின்சாரம் பிறக்கிறது. வில்லை முழுவதும் உழைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நடுப் பீங்கானை ஒட்டிய பத்து, இருபது மைக்ரோமீட்டர் தடிமனுக்குள்தான் சம்பாத்தியம் முழுக்க. மிச்சமெல்லாம் வாயுவுக்கு வழிவிடவும் கரண்ட்டைச் சுமக்கவும். சம்பாதிக்கிற இடம் இவ்வளவு சின்னது என்பதால் அதைக் கெடுக்கத் தேவையான அழுக்கும் சின்னதுதான்.

கே: சமையல் கேஸை நேரே கொடுத்தால் ஓடுமா? – இல்லத்தரசி, தஞ்சாவூர்

ஓடும். ஆனால் முதலில் அதன் நாற்றத்தை எடுக்க வேண்டும். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் உங்களுக்குத் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கம்பெனியே சேர்க்கிறது. உங்கள் மூக்குக்கு அது காவல்காரன். சூட்டில் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறி ஆனோடுக்குப் போனால், அங்கே அது திருடன்.

கே: மிகக் குறைவாகத்தானே சேர்க்கிறார்கள்? பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ன செய்துவிடும்? – வேதியியல் மாணவர், பாளையங்கோட்டை

கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் வாயுவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு பி.பி.எம். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் அதில் ஏறத்தாழ 27,000 லட்சம் கோடி மூலக்கூறுகள். நிக்கலின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் உள்ள அணுக்கள் 2,000 லட்சம் கோடிக்குள். ஒரே ஒரு லிட்டர் போதும், பத்து சதுர சென்டிமீட்டருக்கு மேல் அணுவுக்கு அணு உட்கார. கலத்துக்குள் வாயு நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கந்தகம் செய்வது, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு பஸ்ஸில் சீட் பிடிக்கிற வேலை. ஹைட்ரஜன் டிக்கெட்டோடு ஏறி வருகிறது, உட்கார இடமில்லை. வோல்டேஜ் முதலில் மளமளவென்று இறங்கி, பிறகு மெதுவாக வழுக்கும். நல்ல சேதி, துண்டை எடுக்க முடியும். சுத்தமான எரிபொருளைத் தொடர்ந்து விட்டால் கந்தகம் பெரும்பாலும் கிளம்பிவிடும், வோல்டேஜும் ஏறும். நீண்ட நாள் உட்கார்ந்திருந்தால் முழுக்கத் திரும்பாது. கந்தகம் மிக அதிகமாகிவிட்டால் நிக்கலே நிக்கல் சல்ஃபைடாக மாறும். அப்போது சீட்டே காணாமல் போகிறது.

கே: 800 டிகிரியில் எந்த அழுக்கும் எரிந்து சாம்பலாகிவிடாதா? – வெல்டிங் பட்டறைக்காரர், கோவை

எரிய ஆக்சிஜன் வேண்டுமே! ஆனோடு பக்கம் இருப்பது ஹைட்ரஜன், நீராவி, கார்பன் மோனாக்சைடு. எரிக்க அங்கே ஆளில்லை.

ஆனாலும் உங்கள் கேள்வியில் பாதி சரி. சூடு ஏற ஏறக் கந்தகத்தின் பிடி தளரும். 1,000 டிகிரியில் ஓடும் கலம், 750 டிகிரியில் ஓடுவதைவிடக் கந்தகத்தைக் கூடுதலாகத் தாங்கும். சரி, சூட்டை ஏற்றிவிடலாமே என்றால் மறுபக்கம், கேத்தோடில், குரோமியம் ஆவியாவது கூடிவிடும். ஏற்றினால் குரோமியம் சிரிக்கும், இறக்கினால் கந்தகம் சிரிக்கும். குரோமியத்தைப் பற்றிக் கீழே.

கே: கார்பன் மோனாக்சைடு விஷமாச்சே? – பெயர் வேண்டாம்

நமக்கு விஷம். கார்களில் வைக்கும் தாழ்வெப்ப ஃப்யூயல் செல்லுக்கும் விஷம். அதன் வினையூக்கியான பிளாட்டினத்தைக் காப்பாற்ற, வாகன ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு 0.2 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்று உலகத் தர விதியே இருக்கிறது. திட ஆக்சைடு கலத்துக்கோ அது சாப்பாடு.

கே: தலைப்பில் ஷாம்பு என்று போடுவீர்களாமே, எப்படியாவது விளக்கம் கொடுங்கள். – ஆசிரியர் குழுவிலிருந்தே

நன்றி. உங்கள் ஷாம்பு, ஹேர் சீரம் பாட்டில்களைத் திருப்பிப் பாருங்கள். சைக்ளோபென்டாசிலாக்சேன் அல்லது அதன் சொந்தக்காரர் யாராவது இருக்கலாம். முடிக்குப் பளபளப்பும் வழுவழுப்பும் தருவது இந்தச் சிலாக்சேன் குடும்பம்தான். குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைப் புளிக்க வைத்து எடுக்கும் உயிர்வாயுவில் சிலாக்சேனும் ஆவியாகி ஏறிக்கொள்கிறது. தீர்ந்த பாட்டில்கள் போய்ச் சேரும் குப்பைமேட்டு வாயுவிலும் அதே கதை.

இந்த வாயு ஆனோடுக்குள் நுழைந்ததும் சிலாக்சேன், நீராவியோடு சேர்ந்து சிலிக்காவாக மாறுகிறது. சிலிக்கா என்றால் மணல். ஆனோடின் பொடித்துளைகளுக்குள் மணல்! கந்தகத்தைப் போல இதைக் கிளப்ப வழியில்லை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் எரிபொருள் அழுக்குகளை ஒவ்வொன்றாகக் கலந்து கலங்களைச் சோதித்தார்கள். 10 பி.பி.எம். சிலாக்சேனிலேயே சில பத்து மணி நேரத்தில் கலம் படுத்துவிட்டது. கந்தகம் படிப்படியாக இறக்கும். சிலாக்சேன் நேரே சாய்க்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கழுவிவிடும் அழகுப் பொருள்களில் இந்தச் சிலாக்சேன்களில் இரண்டை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. ஃப்யூயல் செல்லின் மேல் உள்ள பாசத்தால் அல்ல, இவை நீர்நிலையில் மக்காமல் தங்குகின்றன என்பதால். பாசமில்லாமல் செய்த உதவியும் உதவிதான்.

கே: சென்னையில் சாக்கடை வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்களே, அங்கே இந்தச் சிலாக்சேன் இல்லையா? – வாசகர், பெரம்பூர்

கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் ஓடுவது கேஸ் இன்ஜின். இன்ஜினுக்குள்ளும் சிலிக்கா வெள்ளைப் படிவாக ஒட்டும், வால்வையும் பிஸ்டனையும் அரிக்கும். ஆனால் இன்ஜினைக் கழற்றிச் சுரண்டலாம். மைக்ரோமீட்டர் துளைகளுள்ள வில்லையை எந்த மெக்கானிக் சுரண்டுவார்? கலத்தை வைப்பதாக இருந்தால் முன்னால் கிளர்வூட்டிய கரித்தொட்டி வைத்துச் சிலாக்சேனைப் பிடிக்க வேண்டும். கரி நிறைந்ததும் மாற்ற வேண்டும். மாற்றுகிற செலவை யாரும் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுவதில்லை.

கே: நிலக்கரியை வாயுவாக்கிக் கொடுத்தால்? நம்மிடம் நிலக்கரி நிறைய இருக்கிறதே. – பொறியாளர், நெய்வேலி

நிலக்கரிக்குள் தனிம அட்டவணையில் பாதி இருக்கிறது. அதுதான் சங்கடம்.

அமெரிக்கா இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தது. ரிச்லாண்டில் உள்ள பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் நிலக்கரி வாயுவில் வரக்கூடிய பாஸ்பரஸ், ஆர்செனிக், ஆன்டிமனி, செலினியம், குளோரின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. பயங்கரமானவை பாஸ்பரஸும் ஆர்செனிக்கும். இவை நிக்கலின் மேலே உட்கார்வதில்லை, நிக்கலையே தின்கின்றன. நிக்கல் பாஸ்பைடு, நிக்கல் ஆர்செனைடு என்று புதுச் சேர்மங்கள் உண்டாகும். ஆர்செனிக் இன்னும் தந்திரம் செய்யும்: ஆனோடின் உள்ளே இருக்கும் நிக்கலை மேற்பரப்புக்கு இழுத்துவிடும். உள்ளே நிக்கல் துகள்களின் தொடர் அறுந்துபோகும், கரண்ட் நடக்கப் பாதை இருக்காது.

இதில் ஏமாற்று ஒன்று உண்டு. கெட்ட பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் நடுவே கோடு போட்டது போல எல்லை. அந்தக் கோடு வாயு வரும் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நகரும். அது உழைக்கிற அடுக்கைத் தொடும்வரை மீட்டர் கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லாது. 500 மணி நேரச் சோதனையில் ‘பாதிப்பு இல்லை’ என்று ஒரு கட்டுரை சொன்னால், கோடு எங்கே நிற்கிறது என்று வில்லையை வெட்டிப் பார்த்தார்களா என்பதைத் தேடுங்கள்.

கே: குரோமியம் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்கள். குரோமியம் எங்களுக்குப் பழைய பகை. – வாசகர், இராணிப்பேட்டை

ஆறு இணைதிறன் குரோமியத்தை, ஆலைக் கழிவாகக் கண்ட உங்கள் ஊருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே ஆள்தான் இங்கேயும்.

மற்ற நஞ்சுகள் வெளியிலிருந்து வருபவை. இது வீட்டுப் பிள்ளை. ஒரு கலம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கொடுக்கும். பல கலங்களை அடுக்கி, இரண்டுக்கு நடுவே ஒரு தகடு வைத்து, தொடராக இணைப்பார்கள். 1,000 டிகிரியில் ஓட்டிய காலத்தில் அந்தத் தகடு லாந்தனம் குரோமைட் என்ற பீங்கான். விலை அதிகம், செய்வதும் கடினம். வெப்பத்தை 700, 800க்கு இறக்கியபோது எல்லோரும் சந்தோஷப்பட்டதற்குக் காரணமே இனி எஃகுத் தகடு போதும் என்பதுதான். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படரும் குரோமியம் ஆக்சைடு தோலால். இந்த வேலைக்கென்றே செய்யும் எஃகில் குரோமியம் 22 சதவீதம் வரை இருக்கும்.

அந்தத் தோல் சூட்டில், காற்றின் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து, ஆறு இணைதிறன் குரோமியமுள்ள ஆவியாகக் கிளம்புகிறது. காற்றோடு போய்க் கேத்தோடில் இறங்கி மறுபடி திடமாகிறது. லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட்டால் ஆன பழைய வகைக் கேத்தோடு என்றால், சரியாகக் கேத்தோடு, நடுப் பீங்கான், காற்று மூன்றும் சந்திக்கும் விளிம்பில் போய்ப் படியும். கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்த புதுவகை என்றால், அதிலுள்ள ஸ்ட்ரான்ஷியத்தைப் பிடித்து ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டாகும். மஞ்சள் நிறம், ஓவியர்கள் வண்ணமாகவே பயன்படுத்தியது. கேத்தோடில் மஞ்சள் பூத்தால் மங்களம் அல்ல.

மருந்து இருக்கிறது. எஃகின் மேல் மாங்கனீஸ்-கோபால்ட் ஆக்சைடுப் பூச்சு. ஆவியை வெகுவாக அடக்கும், கரண்ட்டையும் கடத்தும். அலுமினியம் கலந்த எஃகு ஆவியே விடாது, ஆனால் அதன் தோல் கரண்ட்டையும் விடாது. அதைக் குழாய்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கே: குரோமியம் ஏன் சரியாக விளிம்பில் போய் உட்கார்கிறது? அதற்குக் கண் இருக்கிறதா? – ஆராய்ச்சி மாணவி, காரைக்குடி

இதற்கு இரண்டு கட்சி. ஆக்சிஜனைப் போலவே குரோமிய ஆவியும் அங்கே எலெக்ட்ரான் வாங்கிக்கொள்கிறது, அதனால் எலெக்ட்ரான் கிடைக்கும் இடத்தில் படிகிறது என்பது ஒன்று. கேத்தோடிலிருந்து நகர்ந்து வரும் மாங்கனீஸ், ஸ்ட்ரான்ஷியம்தான் விதையாகி, அதைச் சுற்றிக் குரோமியம் வளர்கிறது என்பது மற்றொன்று. ஸ்ட்ரான்ஷியம் உள்ள கேத்தோடுகளுக்கு எனக்கு இரண்டாவது கட்சி பிடிக்கிறது. மஞ்சள் குரோமேட், கரண்ட் ஓடாதபோதும் உண்டாகிறது என்பதை முதல் கட்சியால் விளக்க முடியாது.

கே: கடலோரத்தில் வைக்கலாமா? – மீனவர் சங்கச் செயலாளர், தூத்துக்குடி

வைக்கலாம், காற்றை வடிகட்டி உள்ளே விட்டால். ஈரம் குரோமியத்தைக் கிளப்பும், உப்பில் சோடியமும் குளோரினும் வரும். பக்கத்தில் அனல்மின் நிலையம் இருந்தால் கந்தக டை ஆக்சைடும் கூட. அது ஸ்ட்ரான்ஷியத்தைப் பிடித்து ஸ்ட்ரான்ஷியம் சல்ஃபேட் ஆக்கிவிடும். எரிபொருளைச் சுத்தம் செய்ய ஆளாளுக்கு யோசிக்கிறார்கள். காற்று இலவசம் என்பதால் அதைச் சந்தேகிப்பதில்லை.

கே: இந்தத் துறையில் நம்மவர் யாராவது? – மாணவி, திருச்சி

உங்கள் ஊரிலேயே படித்தவர். இந்தக் கலங்களைச் செய்யும் ப்ளூம் எனர்ஜியை நிறுவிய கே.ஆர். ஸ்ரீதர், இன்றைய என்.ஐ.டி. ஆர்.இ.சி.யாக இருந்த காலத்தில் அங்கே மெக்கானிக்கல் படித்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தில் நாசாவுக்காக, செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் சாதனத்தில் வேலை செய்தார். அதைத் திருப்பி ஓட்டினால் மின்சாரம்.

செவ்வாயில் அந்த வேலையைப் பின்னாளில் செய்துகாட்டியது வேறொரு குழுவின் மாக்ஸி என்ற சாதனம். பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போய், 2021 ஏப்ரலில் முதல் ஆக்சிஜனைத் தந்தது; 2023இல் முடிக்கும்போது 16 முறை ஓடி, மொத்தம் 122 கிராம். அங்கேயும் செவ்வாய்த் தூசியைத் தடுக்க வடிகட்டி வைத்துத்தான் அனுப்பினார்கள். அழுக்கு பிரபஞ்சம் முழுக்க இருக்கிறது.

கே: மீத்தேன் கொடுத்தால் கரி படியுமாமே? – வாசகர், மன்னார்குடி

படியும். மீத்தேனை உடைப்பதில் நிக்கல் கெட்டிக்காரன், அந்தக் கெட்டிக்காரத்தனமே வினை. கரி இழை இழையாக வளர்ந்து நிக்கல் துகளைப் பெயர்த்துத் தூக்கிவிடும். அதைத் தடுக்க மீத்தேன் ஒரு பங்குக்கு நீராவி இரண்டு, மூன்று பங்கு சேர்ப்பார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கோர்ட்டியின் குழு நிக்கலை எடுத்துவிட்டுச் செம்பும் சீரியம் ஆக்சைடும் வைத்துப் பார்த்தது. கரி படியவில்லை. ஆனால் செம்பு 1,085 டிகிரியிலேயே உருகும். 800இல் அதன் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடும்.

வேடிக்கை கேளுங்கள்: மிகச் சிறிதளவு கந்தகம் இருந்தால் நிக்கலில் கரி படிவது குறையும். டென்மார்க்கின் டாப்ஸோ நிறுவனம் இதையே தொழில்முறையாக்கி, உலைகளில் வேண்டுமென்றே கந்தகம் விட்டது. மன்னார்குடியில் முயல வேண்டாம்.

கே: ஃப்யூயல் செல்லுக்கு வாஸ்து உண்டா?

உண்டு. வாசற்பக்கம் எப்போதும் முதலில் அடிபடும். அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் எரிபொருள் நுழையும் முனையில்தான் பாஸ்பரஸும் சிலிக்காவும் குவிந்திருக்கும். வெளியேறும் முனையில் வேறு தோஷம்: எரிபொருள் தீரத் தீர அங்கே நீராவி கூடி நிக்கலை ஆக்சைடாக்கப் பார்க்கும். நிக்கல் ஆக்சைடானால் கனஅளவு சுமார் 70 சதவீதம் பெருகும், பீங்கான் விரிசல் விடும். திடீரென்று எரிபொருள் நின்று காற்று உள்ளே நுழைந்தாலும் இதே கதி. எந்த நஞ்சும் இல்லாமல், வெறும் ஆக்சிஜனாலேயே.

கே: வீட்டுக்கு வாங்க முடியுமா? – ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ஜப்பானில் வாங்கலாம். ஒசாகா கேஸ் 2012இல் விற்கத் தொடங்கிய எனெ-ஃபார்ம் எஸ் வகை 700 வாட், இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். உள்ளிருக்கும் கலங்களைச் செய்தது கியோசெரா. பெட்டியைத் திறந்தால் கலத்துக்கு முன்னால் கந்தக நீக்கி உட்கார்ந்திருக்கும். ஊர்க் குழாய்வாயுவில் வாசனைக்காகக் கலந்ததை அது பிடிக்கிறது. அதற்கு ஆயுள் முடிந்தபின் பெட்டிக்கு ஆயுள் கிடையாது.

கே: அதிகபட்சம் எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது? – நாகர்கோவில் ஆசிரியரின் இரண்டாவது கேள்வி

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் 2007இல் ஏற்றி வைத்த ஓர் அடுக்கு, 700 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரத்தைத் தாண்டியது. பதினோரு ஆண்டுக்கும் மேல். சபாஷ்! ஆனால் அதற்குக் கொடுத்தது ஈரப்படுத்திய ஹைட்ரஜன். சாக்கடை வாயுவும் அல்ல, நிலக்கரி வாயுவும் அல்ல.

தேய்மானத்தை ஆயிரம் மணிக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். அரை சதவீதம் என்றால் காதுக்கு இனிமையாக இருக்கும். வருஷத்துக்கு 8,760 மணி; ஐந்து வருஷத்தில் 20 சதவீதத்துக்கு மேல் போய்விட்டிருக்கும்.

கே: எங்கள் கல்லூரிக்கு ஒரு கம்பெனிக்காரர் இதைப் பற்றிப் பேச வருகிறார். என்ன கேட்கலாம்? – இறுதியாண்டு மாணவர்கள், சேலம்

செயல்திறன் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள், அதை அவரே சொல்வார். சோதனை செய்த வாயு சிலிண்டரில் வந்ததா, குழாயில் வந்ததா? கந்தக நீக்கியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது யார் செலவு? தகட்டில் பூச்சு உண்டா? மூன்றாவது கேள்விக்கு அவர் முகம் மலர்ந்தால் ஆள் இன்ஜினியர். இரண்டாவதுக்கே வாட்சைப் பார்த்தால் விற்பனைப் பிரிவு.